முதல் கையெழுத்து

அத்தியாயம் 17

போன வார அத்தியாயத்தில் சாராள் கையெழுத்துப் போட்டாள். மூன்று தாள், மூன்று இடம். அதோடு நிறுத்தியிருந்தேன். ‘படித்துப் பார்க்காமல் எந்தப் பெண் கையெழுத்துப் போடுவாள்?’ என்று பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி என்னைக் காய்ச்சி எடுத்திருக்கிறார். அம்மா, பாங்கில் நீட்டுகிற பாரத்தில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் நீங்களும் நானும் போட்டுக்கொடுத்துவிட்டு வருகிறோமே, அதையெல்லாம் படித்துவிட்டா போடுகிறோம்? சாராளும் நம்மில் ஒருத்திதான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை.

சாராளின் கணவர் அருணாச்சலம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நவதீபம் ஃபவுண்டரியில் இரும்பு உருக்குகிறவர். இருபத்தொன்பது வருட சர்வீஸ். சங்கத் தலைவர். பதினாலு வருடத்துக்கு முன்னால் உருகிய இரும்பு வலது கையில் தெறித்து, இரண்டு விரல் மடங்கினது மடங்கினதுதான். பேனா பிடித்தால் வலிக்கும். அன்றிலிருந்து ரேஷன், பாங்க், மகள் மோனிகாவின் ரேங்க் கார்டு என்று அவர் பெயரில் போடவேண்டிய கையெழுத்தையெல்லாம் சாராள்தான் போடுகிறாள். அவரைவிட அழகாகவே போடுவாள். சங்க நோட்டில் மட்டும் அவர் விடமாட்டார். ஐந்து நிமிடமானாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, கோணல்மாணலாகத் தானே போடுவார்.

கம்பெனி தண்ணீர் பம்புக்கு இரும்பு உடம்பு வார்த்துக்கொடுக்கும். ஏப்ரலில் அது கைமாறியது. வந்த புது முதலாளிக்கு இரும்பு உருக்குவதில் ஆசையில்லை. இறக்குமதி வரி குறைந்துவிட்டதாம், கப்பலில் ரெடிமேடாக பம்ப் உடம்பு வந்து இறங்குகிறதாம், அதில் மோட்டாரைப் பொருத்தி லேபிள் ஒட்டினால் போதுமாம். ஆகவே பர்மனென்ட் தொழிலாளிகள் அறுபத்தோரு பேரும் விஆர்எஸ் வாங்கிக்கொண்டு போகவேண்டும். விருப்ப ஓய்வு என்று அதற்குப் பெயர். யாருடைய விருப்பம் என்று பேப்பரில் போடவில்லை.

இன்று வியாழக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணியோடு கெடு முடிகிறது. அதற்குள் யாருமே போடாவிட்டால் கம்பெனி பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தாகவேண்டும். அறுபத்தோரு குடும்பமும் அந்த ஐந்து மணியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

திங்கட்கிழமை சாராள் போட்டது என்ன பேப்பர் என்று இந்த நிமிடம் வரை அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

* * *

காலை ஐந்தரை மணி. எளாவூர் காலனியில் ஹைவே லாரிகளின் ஹாரன்தான் சேவல். அருணாச்சலம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தார். ஒரு பச்சைக் கோடு இடப்பக்கம் கீழே கிளம்பி வலப்பக்கம் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“இன்னா சொல்றான்?” சமையலறையிலிருந்து சாராள் கேட்டாள்.

“நாடு வளந்துகினு கீதாம்.”

“நல்லதுதான?”

“நல்லதுதான். நான் வேணான்னா சொன்னேன்?”

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அருணாச்சலத்தின் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். தொண்ணூறுகளில் நாடு கதவைத் திறந்துவிட்டது, கம்பெனிகள் வந்தன. அருணாச்சலம் காலில் ஷூ போட்டார். ஒன்றாம் தேதி சம்பளம் என்ற ஒன்றை அந்தக் குடும்பம் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது. சிமெண்ட் வீடு வந்தது. மோனிகா பி.காம். முடித்தாள்.

“கதவத் தொறந்ததாலதான் நானும் உள்ள வந்தேன் சாரா. இப்ப அதே கதவு வழியா பம்ப்பு வந்து எறங்குது. எந்த மூஞ்சிய வச்சிக்கினு கதவத் திட்டறது?”

“காலங்காத்தால இன்னா பேஜாரு உனக்கு? இட்லிய துன்னுட்டுக் கெளம்பு.”

“அஞ்சு மணி தாண்டட்டும். அப்புறம் லேபர் ஆபீசர் முன்னால அவங்க குந்தித்தான் ஆவணும். இன்னும் ஆறு வருசம் சர்வீஸ் கீது எனக்கு. பீட்டருக்குப் பன்னெண்டு. பரசு பொண்ணு பூமிகா இப்பதான் காலேஜு சேந்துகீது.”

“நீ போடலன்னா யாரும் போடமாட்டாங்க இல்ல?”

“ஒருத்தனும் போடமாட்டான்.”

அதைச் சொல்லும்போது அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. நியாயம்தான். பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஸ்டிரைக்கில், ‘அவன் போட்டுட்டான், நீயும் போடு’ என்று ஆளாளாக ரூமுக்குள் கூப்பிட்டு நிர்வாகம் கையெழுத்து வாங்கியது. ஒன்பது பேருக்கு வேலை போனது. அன்றைக்கு கேன்டீனில் எல்லோரும் கூடிச் சத்தியம் செய்தார்கள். இனிமேல் எந்தக் கம்பெனிப் பேப்பரிலும் தலைவர்தான் முதல் கையெழுத்து. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றவர்கள். அவர் போடாவிட்டால் ஒருவரும் போடக்கூடாது, அவர் போட்டுவிட்டால் ஒருவரும் பின்தங்கக்கூடாது. தனியாக நிற்கிறவனைத்தான் கம்பெனி முதலில் வெட்டும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். பதினாறு வருடமாக அந்த வழக்கம் மாறவேயில்லை.

திங்கட்கிழமை விஷயத்தை சாராள் அவரிடம் சொல்லவில்லை. மறைத்தாள் என்று நினைக்காதீர்கள். அரிசி களைந்ததை, துணி காயப்போட்டதை எந்தப் பெண் புருஷனிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்? அவர் கையெழுத்தைப் போடுவது அவளுக்கு அந்த மாதிரி ஒரு வேலை.

* * *

மோனிகா அதே கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் உதவியாளர். ஏஜென்சி மூலமாக வந்து எட்டு மாதம் ஆகிறது. மகளுக்கு ஆபீஸ் வேலை கிடைத்த அன்று அருணாச்சலம் ஷிப்ட் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார்.

ஒன்பதே காலுக்கு எச்.ஆர். மேனேஜர் அன்புசெல்வன் அவள் மேஜையில் ஒரு தாளை வைத்தார்.

“இதை இருபது காப்பி எடும்மா. கேட், கேன்டீன், டைம் ஆபீஸ், எல்லா இடத்திலயும் ஒட்டணும்.”

அவள் ஜெராக்ஸ் மெஷினில் வைத்து மூடப்போனபோதுதான் பார்த்தாள். விஆர்எஸ் விண்ணப்பம். அடியில் ‘அ. அருணாச்சலம்’. கடைசி ‘ம்’ மேல் புள்ளியை வட்டமாகச் சுழித்திருந்தது. எட்டு வருடம் அவளுடைய ரேங்க் கார்டில் இருந்த அதே சுழி. அம்மாவின் கை.

மெஷின் மூடியைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை கவரைக் கொடுக்கும்போது அன்புசெல்வன் சொன்னது நினைவுக்கு வந்தது. ‘கம்பெனி லெட்டர் கிடைச்சதுன்னு உங்கப்பா கையெழுத்து வாங்கிட்டு வாம்மா. சும்மா ஃபார்மாலிட்டி.’ கையெழுத்துப் போடவேண்டிய இடத்துக்கெல்லாம் மஞ்சள் அம்பு ஸ்டிக்கர் அவரே ஒட்டிக்கொடுத்தார். மேல் தாளை மோனிகா படித்தாள். லெட்டர் கிடைத்தது என்றுதான் இருந்தது. அடியில் இரண்டு தாள் பின் அடித்திருந்தது. இரண்டு காப்பி என்று நினைத்தாள். அப்பா ஷிப்டிலிருந்து வரவில்லை. மாவு பிசைந்த கையைக் கழுவிக்கொண்டு வந்து, அம்மா ஸ்டிக்கர் இருந்த இடத்திலெல்லாம் போட்டாள்.

“சார், நீங்க லெட்டர் கிடைச்சதுக்குத்தான்னு சொன்னீங்க.”

“மேல இருந்த தாள் அதுதானேம்மா.”

“அடியில இது இருந்துச்சே சார்!”

“படிச்சிட்டுத்தானே போட்டிருப்பாரு? உங்கப்பா சங்கத் தலைவர்.”

“அது எங்கப்பா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

அன்புசெல்வன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். கெட்ட மனிதர் என்று அவரை ஒரே வரியில் தள்ளிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் குரல் அப்போது இறங்கித்தான் இருந்தது.

“உங்கப்பா போடலைன்னு சொல்ல வர்றியா? அப்படின்னா வேற யாரோ போட்டிருக்காங்க. அது போர்ஜரி. கவரைக் கொண்டுபோனது நீ, கொண்டுவந்தது நீ. கேஸ் உங்க வீட்டு மேலதான் வரும். யோசிச்சுப் பேசு.”

“வேணும்னே பண்ணீங்களா சார்?”

“ஒரு கையெழுத்து கிடைச்சா அறுபதும் கிடைக்கும்னு மேல இருக்கிறவங்களுக்குத் தெரியும்மா. வாங்கச் சொன்னாங்க. வாங்கலைன்னா என் சீட்டு. மார்ச்சில எனக்கும் இதே பேப்பர் வரப்போகுது, அது வேற விஷயம்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காப்பி எடும்மா.”

மோனிகா எடுத்தாள். இருபது காப்பி. ஏன் எடுத்தாய் என்று நான் அவளைக் கேட்கமாட்டேன். இருபத்துமூன்று வயதில் கேட்டவுடன் செய்துவிட்டுப் பிறகு அழுகிற பெண்கள்தான் ஆபீஸ்களில் அதிகம். கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அம்மாவுக்கு போன் செய்தாள்.

“அம்மா, திங்கக்கெழம போட்டியே...”

“இன்னாடி, எங்கனா வுட்டுப்போச்சா?”

மோனிகா நடந்ததைச் சொன்னாள். மறுபக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

“அவரு வேலை போச்சாடி?”

“அப்பாது மட்டும் இல்லம்மா. எல்லாரும் போட்ருவாங்க. அப்பா போட்டா எல்லாரும் போட்ருவாங்க இல்ல?”

“ஐயோ ஏசப்பா.” சாராள் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். குரல் கீழேயிருந்து வந்தது. “நான் வரேன். நான்தான் போட்டேன்னு வந்து சொல்றேன்.”

“வராத. போலீஸ் கேஸாயிடும்னு மெரட்றாரு.”

“ஆவட்டும். போட்டது நான்தான?”

போன் வைக்கப்பட்டுவிட்டது.

* * *

பத்தரை மணி டீ பிரேக்குக்குக் கேன்டீன் பக்கம் கிளம்பிய அருணாச்சலத்தைக் கைகழுவும் குழாயடியில் மோனிகா பிடித்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

“இன்னா மோனி, ஹெல்மெட் இல்லாம உள்ள வர?”

“நைனா, கேன்டீன்ல உன் விஆர்எஸ் பேப்பர் ஒட்டிக்கீது. உன் கையெழுத்தோட.”

“என் கையெழுத்தா? நான் எங்க போட்டேன்?”

“அம்மா போட்டுச்சு. நான்தான் கவர கொண்டாந்து குடுத்தேன். லெட்டர் கெடச்சதுன்னு போடறதாம்னு சொன்னாங்க. அடியில இத்த வச்சி பின் அடிச்சிக்கிறாங்க நைனா. அம்மாக்கு இங்கிலீசு தெரியாது இல்ல?”

அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் கையில் விழுந்துகொண்டே இருந்தது.

“உனக்குத் தெரியுமே?” என்றார்.

திட்டியிருந்தால் மோனிகா தாங்கியிருப்பாள். அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“அது நீ போட்டதில்லன்னு சொன்னா அம்மா மேல போர்ஜரி கேஸ் வருமாம். என் மேலயும்.”

அருணாச்சலம் குழாயை மூடினார். கையைச் சட்டையில் துடைத்தார். மடங்கிய இரண்டு விரலையும் இடது கையால் ஒரு தடவை நீவிவிட்டுக்கொண்டார். அவர் மனசுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், சொல்கிறேன். சாராள் இதுவரை போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்ததில்லை. கையில் இரும்பு தெறித்துக் கிடந்த நாற்பது நாளும் அவர் வாயில் சோறு ஊட்டியவள். அந்தப் பக்கம் அறுபது பேர். பதினாறு வருடமாக அவர் ஒருத்தர் முகத்தைப் பார்த்தே வேலை செய்கிறவர்கள். இரண்டையும் எடை போட அவருக்குக் குழாயடியிலிருந்து கேன்டீன் வரைதான் நேரம் கிடைத்தது. ஐம்பது அடி இருக்கும்.

கேன்டீனில் யாரும் டீ குடிக்கவில்லை. சுவருக்கு முன்னால் கூட்டமாக நின்றார்கள். அவரைப் பார்த்ததும் வழி விட்டார்கள்.

மோல்டிங் பிரிவு பீட்டர்தான் கேட்டார்.

“தலைவரே, இன்னா இது? இவனுங்க ஜோடிச்சதா?”

ஜோடித்தது என்று சொல்லிவிடலாம். ஒரு தலையாட்டல் போதும்.

“தலைவரே, உன்ன தான் கேக்கறோம். இந்தக் கையெழுத்து உன்னுதா?”

“என்னுதுதான்” என்றார் அருணாச்சலம்.

கத்துவார்கள், சட்டையைப் பிடிப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். யாரும் கத்தவில்லை. பீட்டர் கையிலிருந்த டீ டம்ளரை மெதுவாக மேஜையில் வைத்தார்.

“எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போட்டிருக்கலாமே தலைவரே.”

“சொல்லிருக்கணும். தப்புதான்.”

“அப்ப நாங்களும் போட்டுட வேண்டிதானா?”

அருணாச்சலம் சுவரில் ஒட்டியிருந்த தாளையே பார்த்தார். போடாதவர்களைப் புது முதலாளியின் குஜராத் ஆலைக்கு மாற்றப்போவதாக ஒரு வாரமாகவே பேச்சு இருந்தது. தலைவர் போட்ட பிறகு தனியாக நிற்க யாருக்கு தைரியம் வரும்?

* * *

பரசுராமன் அவரை மணல் குவியலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

இவர் கதை தெரிந்தவர்களுக்குத் தெரியும். அருணாச்சலத்தின் அப்பா நாற்று நட்டது பரசுராமனின் அப்பா வயலில். அந்த வயலைக் கம்பெனிக்குக் கொடுத்ததற்கு பரசுராமனுக்கு வேலை கிடைத்தது. வெளியே எப்படியோ, உள்ளே இரண்டு பேருக்கும் ஒரே காக்கிச் சட்டை, ஒரே ஃபர்னஸ். ஆரம்ப வருடங்களில் முகம் கொடுத்துப் பேசாத பரசுராமன், அருணாச்சலத்தின் கை வெந்த அன்று அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். அதிலிருந்து கம்பெனி பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே சீட்.

பரசுராமன் இடுப்பிலிருந்து சங்க நோட்டை உருவினார். கடைசிப் பக்கத்தைத் திறந்து அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

“இதான் உன் கை. கோழி கெளறுன மாதிரி. அங்க ஒட்டிக்கிறது அச்சடிச்ச மாதிரி கீது. யார் போட்டது அருணா?”

“நான்தான்.”

“எங்கிட்டயுமா?”

“நான்தான் பரசு.”

“இந்த நோட்ட எடுத்தும்போயி எல்லாருக்கும் காட்டட்டுமா?”

“காட்டாத.”

அந்த ஒரு வார்த்தையில் பரசுராமனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரேஷன் கடையில் சாராள் அவர் பெயரைப் போடுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறார்!

“யாரக் காப்பாத்தறன்னு புரியுது. உன் எடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேனோ என்னவோ. ஆனா எங்கள யாருடா காப்பாத்துவா?”

அருணாச்சலம் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பரசுராமன் நோட்டை மடித்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

* * *

பதினொரு மணிக்கு எச்.ஆர். ரூம் வாசலில் வரிசை நின்றது.

மஞ்சள் ஸ்டிக்கரைக் காட்டுகிற வேலை மோனிகாவுக்கு. ஒவ்வொருவராக வந்தார்கள். கை கழுவிவிட்டு வந்தும் நகத்தில் கரி இருந்தது. இவர்கள் எல்லோருமே அவளுக்கு மாமா, சித்தப்பா. ஏழாம் வகுப்பில் அவள் சைக்கிளிலிருந்து விழுந்தபோது ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனவர் ஒருவர். அவள் ஞானஸ்நானத்துக்குப் பிரியாணி ஆக்கியவர் ஒருவர்.

“எங்கம்மா போடணும்?” பீட்டர் கேட்டார்.

“இங்க மாமா. அப்புறம் இங்க. இங்க.”

“படிச்சிப் பாக்கணுமா?”

அவள் தாளை அவர் பக்கம் திருப்பினாள். “படிங்க மாமா. தயவுசெஞ்சி படிங்க.”

பீட்டர் சிரித்தார். “உங்கப்பா படிச்சிருப்பாரு இல்ல? போதும்.”

போட்டுவிட்டு எழுந்தார். எழுந்தவர் வழக்கம்போல அவள் தலையில் கையை வைத்து, “நல்லா இரும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். மோனிகா கர்ச்சீப்பை வாயில் அடைத்துக்கொண்டு அடுத்த தாளை எடுத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் முப்பத்தெட்டுப் பேர். மூன்று மணிக்கு ஐம்பத்துநாலு. நாலே முக்காலுக்குக் கடைசியாக பரசுராமன் வந்தார். மூன்று இடத்திலும் நிறுத்தி நிதானமாகப் போட்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

* * *

சாராள் எப்போது வந்தாள் என்கிறீர்களா? பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டாள். எளாவூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் பஜார், அங்கிருந்து இன்னொரு ஆட்டோவில் சிப்காட். கேட்டில் செக்யூரிட்டி விடவில்லை.

“பாஸ் இல்லாம உள்ள போவ முடியாதும்மா.”

“நான்தான் போட்டேன்னு சொல்லணும்ப்பா.”

“இன்னா போட்டீங்க?”

“கையெழுத்து.”

அந்த ஆள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வெயிலில் நிற்காதீர்கள் என்று எதிரே பஞ்சர் கடை நிழலைக் காட்டினான். மோனிகாவின் போன் அணைந்திருந்தது. அருணாச்சலத்தின் போன் லாக்கரில் அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து மணி நேரம் சாராள் அந்த நிழலில் நின்றாள். உள்ளே ஒருத்தர் ஒருத்தராகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நிற்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று நின்றவளுக்குத்தான் தெரியும்.

ஐந்து மணிக்கு சங்கு ஊதியது. ஆட்கள் வெளியே வந்தார்கள். அருணாச்சலம் வந்தபோது அவரோடு யாரும் சேர்ந்து வரவில்லை. அவளைக் கண்டு ரோட்டைத் தாண்டி வந்தார்.

அதற்குள் சாராள் பரசுராமனைப் பார்த்துவிட்டாள். பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தவரை ஓடிப்போய் மறித்தாள்.

“அண்ணா, அத்த நான்தான் போட்டேன். அவரு போடல. சத்தியமா அவரு போடல.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா நீங்க போட்டீங்க?”

பரசுராமன் நின்றார். வயசு ஒரே நாளில் கூடியிருந்தது.

“என்னுதுன்னு அவனே சொல்லிட்டாம்மா. அதுக்கப்புறம் நோட்டக் காட்டி இன்னா ஆவப்போவுது? இத்தினி வருசமா அவன் சொன்னத நான் இல்லன்னு சொன்னதில்ல. இன்னிக்குச் சொல்ல வாய் வரல.”

அருணாச்சலம் பக்கத்தில் வந்து நின்றார். பரசுராமன் அவரைப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறி, முன்னால் தனியாக ஒரு சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பஸ் போய்விட்டது.

“வா, ஊட்டுக்குப் போலாம்” என்றார் அருணாச்சலம்.

“எதுக்கு ஒத்துக்கினே?”

“அப்புறம்? உன்னக் கொண்டுபோயி ஸ்டேஷன்ல நிறுத்தச் சொல்றியா?”

“நின்னா இன்னாய்யா? நாளைக்கு அறுபது ஊட்டுப் பொம்பளைங்க என்னப் பாப்பாங்க. பீட்டர் பொஞ்சாதி சர்ச்சுல என் பக்கத்துலதான் குந்தறா. அவ மூஞ்சிய பாத்துகினு குந்தறதுக்கு ஸ்டேஷன் எவ்ளோவோ மேலு.”

“சாரா, முடிஞ்சிபோச்சி. வுடு.”

“முடியல நைனா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மோனிகா. அழுது அழுது கண் சிறுத்திருந்தது. “ஃபைலு நாளைக்குக் காலைலதான் ஹெட் ஆபீஸுக்குப் போவுது. மொத கையெழுத்தே செல்லாதுன்னா, அதப் பாத்துப் போட்ட அறுபதும்...” அவளுக்கு முடிக்கத் தெரியவில்லை. செல்லுமா, செல்லாதா? அந்த ரோட்டோரத்தில் நின்ற மூன்று பேருக்கும் தெரியாது.

“செல்லாதுன்னு யார் சொல்றது?” என்றார் அருணாச்சலம். “நான் என்னுதுன்னு ஒத்துக்கினேன். இப்ப இல்லன்னா, இவளப் புடிச்சி உள்ள வப்பாங்க. உன்னையும். வேணாம்.”

சாராள் அவரையே பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. மத்தியானமே தீர்ந்துபோயிருந்தது.

“உன்னக் கேக்காம உன் பேரப் போட்டேன். தப்புதான். அதுக்கு ஏசப்பா என்னக் கேக்கட்டும். என்னக் கேக்காம நீ ஒத்துக்கினியே, அது மட்டும் இன்னா?”

அறுபது பேருக்கு நடுவில் நின்று ஒரே வார்த்தையில் முடித்த மனிதருக்கு, இந்த ஒருத்திக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

பஜாருக்குப் போகும் ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. சாராள் கையைக் காட்டினாள்.

“போலீஸ் ஸ்டேஷன்ல நிறுத்துவியாப்பா?”

“வழியிலதாம்மா. ஏறுங்க.”

அவள் ஏறினாள். மோனிகா அப்பாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ஓடிப்போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிரைவர் கழுத்தை நீட்டி, “அண்ணே, நீங்க வரீங்களா?” என்றார்.

ஏறினால் தன் வாயால் மனைவியைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஏறாவிட்டால் அவளைத் தனியாக அனுப்ப வேண்டும். அருணாச்சலம் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்தார், பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது, ஆட்டோ நகர்ந்தது, கம்பி அவர் கையிலிருந்து நழுவியது.